பழைய மகிழுந்தும் பந்தயத் தடமும்

மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் பழைய புரோட்டோன் சாகா மகிழுந்துகளை இன்றும் காணலாம். சில இன்னும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில வீட்டின் பின்புறத்தில் தகரக் கொட்டகையின்கீழ் ஓய்வெடுக்கின்றன. அவற்றைக் காணும் இளையோர் பலருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. இப்பழைய மகிழுந்தைப் பந்தய மகிழுந்தாக மாற்ற முடியுமா?

முடியும் என்பதே விடை. உலகின் புகழ்பெற்ற பந்தய மகிழுந்துகளுள் பல, முதலில் குடும்பத்தார் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓட்டிச் சென்ற எளிய வண்டிகளே. ஆனால், அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பலர் தவறாகவே எண்ணியுள்ளனர். இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டி, புகைக்குழாயின் ஓசையைப் பெருக்கி, வண்ணப் பட்டைகளை ஒட்டிவிட்டால் பந்தய மகிழுந்து உருவாகிவிடும் என அவர்கள் நினைக்கின்றனர். தேர்ந்த பொறியியலாளர்கள் பின்பற்றும் வரிசையோ இதற்கு நேர்மாறானது. ஓட்டுநரைக் காத்தல், வண்டியை நிறுத்துதல், வளைவில் நிலைநிறுத்துதல் ஆகிய மூன்றும் முதலில் வருகின்றன. வேகத்தைக் கூட்டுவது கடைசியில்தான் வருகிறது. ஏன் அவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிறிய மகிழுந்தின் பெரிய வெற்றி

1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. குறைந்த எரிபொருளில் நால்வரை ஏற்றிச் செல்லும் சிறிய மகிழுந்து ஒன்று தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த அவ்வண்டியே ‘மினி’. அதன் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். இயந்திரத்தின் கொள்ளளவு 848 கன சென்டிமீட்டர். ஆற்றல் 34 குதிரைத்திறன் மட்டுமே. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களை இயக்கும்படி அமைத்ததால், சிறிய உடலிலும் நால்வர் அமர இடம் கிடைத்தது.

பந்தய மகிழுந்துகளைத் தயாரித்துப் புகழ்பெற்றிருந்த ஜான் கூப்பர் இவ்வண்டியை ஓட்டிப் பார்த்தார். வளைவுகளில் அது தரையைப் பற்றிக்கொண்டு திரும்பிய விதம் அவரைக் கவர்ந்தது. இதனைப் பந்தயத்திற்கு ஏற்றவாறு மாற்றலாம் என அவர் கூறினார். குடும்ப வண்டியாகவே அதனைக் கருதிய இசிகோனிசுக்கு அவ்வெண்ணம் முதலில் பிடிக்கவில்லை. எனினும், 1961ஆம் ஆண்டு ‘மினி கூப்பர்’ விற்பனைக்கு வந்தது. அதன் ஆற்றல் 55 குதிரைத்திறனாக உயர்ந்திருந்தது. அதோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்தப்பட்டிருந்தது. வேகம் கூடியபோதே நிறுத்தும் ஆற்றலும் கூட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பனி படர்ந்த மலைப்பாதைகளில் நடைபெறும் மோன்டி கார்லோ ரேலியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மினி கூப்பர் வாகை சூடியது. அதனைவிடப் பன்மடங்கு ஆற்றல் மிக்க பெரிய வண்டிகளும் அப்போட்டியில் கலந்துகொண்டன. நேரான சாலையில் அவை முந்திச் சென்றன; வளைவுகளிலும் இறக்கங்களிலும் மினி அவற்றை வென்றது. குறைந்த எடையும் நல்ல பிடிப்பும் உறுதியான பிரேக்கும் இயந்திர ஆற்றலை வெல்லக்கூடும் என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

சோழவரம் கற்பித்த பாடம்

தமிழர் வாழும் மண்ணிலும் இத்தகைய வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரம் என்னும் ஊரில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் பயனின்றிக் கிடந்த அத்தளத்தில் மகிழுந்துப் பந்தயங்கள் நடைபெறத் தொடங்கின. 1953ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அப்பந்தயங்களை நடத்தியது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மக்கள் அங்குத் திரண்டனர்.

அக்காலத்தில் வெளிநாட்டு மகிழுந்துகளை இந்தியாவுக்குள் கொண்டு வருவது மிகக் கடினம். எனவே, ஆர்வலர்கள் உள்நாட்டில் கிடைத்த வண்டிகளையே நம்பினர். அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. வார நாள்களில் வாடகை வண்டியாகவும் குடும்ப வண்டியாகவும் சாலையில் ஓடிய அதே இன மகிழுந்துகள், சோழவரத்தில் பந்தய வண்டிகளாக உருமாறின.

இவற்றுள் ஹெரால்டின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. சென்னையில் தயாரிக்கப்பட்ட இம்மகிழுந்துக்கு அடிச்சட்டம் தனியாகவும் மேலுடல் தனியாகவும் அமைந்திருந்தன. இன்றைய மகிழுந்துகளில் இரண்டும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டுள்ளன. ஹெரால்டிலோ திருகாணிகளைக் கழற்றி மேலுடலை அகற்றிவிடலாம். அடிச்சட்டத்தின்மேல் எடை குறைந்த புதிய உடலைப் பொருத்தலாம். இதனால், சிறிய பட்டறையில் பணியாற்றியவர்களும் துணிந்து மாற்றங்களைச் செய்ய முடிந்தது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். ஆலைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த அவர், பந்தய ஓட்டுநராக மட்டுமின்றி வடிவமைப்பாளராகவும் விளங்கினார். பந்தயத்தில் ஈடுபட விரும்பிய இளைஞர்களுக்கு விலையுயர்ந்த வெளிநாட்டு வண்டிகள் எட்டாக்கனியாக இருந்தன. அந்நிலையை மாற்ற அவர் ஒரு வழி கண்டார். இந்தியாவெங்கும் எளிதில் கிடைத்த மாருதி மகிழுந்தின் இயந்திரத்தையும் பிற பாகங்களையும் கொண்டு, ஒருவர் மட்டும் அமரக்கூடிய பந்தய வண்டியை உருவாக்கினார். அது ‘ஃபார்முலா மாருதி’ எனப் பெயர் பெற்றது. உதிரிப்பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைத்ததால், பழுதைச் சரிசெய்வதும் எளிதாயிற்று.

அவ்வகை வண்டியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டியவர்களுள் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அவர் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு நமது சிப்பாங் பந்தயத் தடத்தில் நடைபெற்ற மலேசியக் கிராண்ட் பிரிக்ஸ் போட்டியில் 11ஆம் இடத்தைப் பெற்றார். கரிவரதன் 1995ஆம் ஆண்டு வான்விபத்து ஒன்றில் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இருப்பதைக் கொண்டு சிறப்பாகச் செய்வதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தி. இனி, ஒரு பழைய மகிழுந்து எவ்வாறு பந்தயத்திற்கு ஏற்றதாகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி: உடலைச் சோதித்தல்

மருத்துவர் முதலில் நோயாளியின் உடலைச் சோதிப்பதுபோல, பட்டறையில் முதலில் மகிழுந்தின் உடல் சோதிக்கப்படுகிறது. இருக்கைகள், தரைவிரிப்பு, கதவுகளின் உட்பலகைகள், கூரைத் துணி, ஒலித்தடுப்புப் பூச்சு ஆகியவை முழுமையாக அகற்றப்படுகின்றன. அதன்பின் வெறும் இரும்புக் கூடே எஞ்சும். நம் நாட்டின் ஈரப்பதமும் மழையும் இரும்பின் பகைவர்கள். குறிப்பாகத் தரைப்பகுதி, கதவுகளுக்கு அடியில் உள்ள விளிம்புகள், சக்கரங்களின் அதிர்வுதாங்கிகள் பொருத்தப்படும் இடங்கள் ஆகியவற்றில் துரு மறைந்திருக்கும். மேலே வண்ணம் பளபளக்கும்; உள்ளே இரும்பு அரிக்கப்பட்டிருக்கும். அத்தகைய உடலில் எவ்வளவு சிறந்த இயந்திரத்தைப் பொருத்தினாலும் பயனில்லை. துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைத்த பின்னரே அடுத்த பணி தொடங்குகிறது.

உள்பாகங்களை அகற்றுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு மகிழுந்தின் எடை 900 கிலோகிராம், அதன் ஆற்றல் 75 குதிரைத்திறன் எனக் கொள்வோம். ஒவ்வொரு குதிரைத்திறனும் 12 கிலோகிராமைச் சுமக்கிறது. தேவையற்ற பாகங்களை நீக்கி எடையை 750 கிலோகிராமாகக் குறைத்தால், ஒவ்வொரு குதிரைத்திறனும் 10 கிலோகிராமை மட்டுமே சுமக்கும். இயந்திரத்தைத் தொடாமலேயே, அதன் ஆற்றலை 90 குதிரைத்திறனாக உயர்த்தியதற்கு ஒப்பான பலன் கிடைக்கிறது. எடை குறைந்த வண்டி விரைவாக நிற்கும், எளிதாகத் திரும்பும், டயரும் குறைவாகவே தேயும்.

இரண்டாம் படி: ஓட்டுநரைக் காத்தல்

அடுத்து, மகிழுந்தின் உள்ளே எஃகுக் குழாய்களாலான பாதுகாப்புக் கூண்டு அமைக்கப்படுகிறது. வண்டி கவிழ்ந்தாலும் கூரை நசுங்கி ஓட்டுநரின் மீது விழாமல் அது தடுக்கும். குழாயின் தரமும் தடிப்பும் பட்டறைக்காரரின் விருப்பத்திற்கு விடப்படுவதில்லை. அனைத்துலகத் தானுந்துக் கூட்டமைப்பு அவற்றை வரையறுத்துள்ளது. முதன்மை வளைவுக்கு, எடுத்துக்காட்டாக, 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட இணைப்பற்ற எஃகுக் குழாயைப் பயன்படுத்தலாம். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்தால் பார்ப்பதற்குக் கூண்டுபோல் தோன்றும். மோதும் வேளையில் அது முறிந்து ஓட்டுநரையே குத்திவிடும்.

இக்கூண்டு எடையைச் சற்றுக் கூட்டினாலும், உடலை முறுக்கேறாமல் விறைப்பாக வைத்திருக்கும். அதனால் வண்டி வளைவில் ஓட்டுநரின் சொற்படி கேட்கும். கூண்டுடன் பந்தய இருக்கை, தோள், இடுப்பு, தொடை ஆகியவற்றைப் பிணைக்கும் ஆறுமுனை வார், தீயணைப்புக் கருவி, மின்னோட்டத்தை ஒரே அசைவில் துண்டிக்கும் விசை ஆகியவையும் பொருத்தப்படுகின்றன. அவ்விசையை வெளியில் நிற்பவரும் இயக்கக்கூடியவாறு அமைப்பர். ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் மீட்புப் பணியாளர் மின்னோட்டத்தை நிறுத்தித் தீயைத் தவிர்க்க வேண்டும் அல்லவா?

மூன்றாம் படி: நிறுத்தும் ஆற்றல்

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும் என்பதை அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து 120 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தால், வேகம் இருமடங்குதான் ஆகிறது. இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகிறது. 180 கிலோமீட்டரில் அது ஒன்பது மடங்கு. பிரேக்கை மிதிக்கும்போது அவ்வளவு ஆற்றலும் வெப்பமாக மாறுகிறது.

பழைய மகிழுந்துகள் பலவற்றில் டிரம் பிரேக் இருந்தது. மூடிய உருளைக்குள் உராய்வு நிகழ்வதால் வெப்பம் விரைவில் வெளியேறாது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் தன் பிடிப்பை இழக்கும். டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடு திறந்த நிலையில் சுழல்வதால், காற்று அதனைக் குளிர்விக்கிறது. ஆகவே, பந்தயத்திற்கு மாற்றும்போது டிரம் பிரேக்கை அகற்றி டிஸ்க் பிரேக்கைப் பொருத்துவர். முன்பக்கத்திலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாயையும் அமைப்பர்.

பிரேக் திரவத்திலும் கவனம் தேவை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. ‘டாட் 4’ வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் கலந்த நிலையில் அவ்வெல்லை 155 பாகையாகக் குறைந்துவிடுகிறது. திரவம் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். குமிழை அழுத்தினால் அது சுருங்குமே தவிர, அழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கடத்தாது. மிதிகட்டை தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. மலிவான ஒரு புட்டித் திரவத்தை மாற்றத் தவறியதால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நான்காம் படி: தரையைப் பற்றுதல்

சிலம்பம் ஆடுபவர் எவ்வாறு நிற்கிறார் என்பதைக் கவனித்திருப்பீர்கள். கால்களை அகற்றி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பதால் அவரை எளிதில் சாய்க்க முடிவதில்லை. பந்தய மகிழுந்தும் அவ்வாறே தாழ்வாகவும் அகலமாகவும் நிறுத்தப்படுகிறது. நீளம் குறைந்த, விறைப்பான சுருள்விற்களும் அவற்றுக்கு ஏற்ற அதிர்வுதாங்கிகளும் பொருத்தப்படுகின்றன. இதனால், வளைவில் உடல் ஒருபுறம் சாய்வது குறைந்து நான்கு சக்கரங்களும் தம் பணியைச் செய்கின்றன. சுருள்வில்லை வெட்டி உயரத்தைக் குறைப்பது இதற்கு ஈடாகாது. வெட்டிய வில்லுக்கும் பழைய அதிர்வுதாங்கிக்கும் பொருத்தம் இராது. மேடு பள்ளத்தில் வண்டி துள்ளும். துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது.

இறுதியில் தரையைத் தொடுவது டயர் மட்டுமே. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு பரப்பில்தான் சாலையைத் தொடுகிறது. இங்கு மலாக்காவின் வரலாறும் மகிழுந்தின் வரலாறும் சந்திக்கின்றன. 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் மரங்களை வணிக நோக்கில் நட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மகிழுந்துகள் பெருகப் பெருக, டயருக்கான இரப்பரின் தேவையும் பெருகியது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பால், உலகத்தின் சாலைகளில் டயராக உருண்டோடியது.

இன்றைய பந்தய டயர்களில் செயற்கை இரப்பரே பெரும்பங்கு வகிக்கிறது. வெப்பம் ஏறும்போது அது மென்மையாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும் வகையில் தயாரிக்கப்படுகிறது. இயற்கை இரப்பரோ விமானங்கள், பாரவுந்துகள் ஆகியவற்றின் டயர்களுக்கு இன்றும் இன்றியமையாதது. உலர்ந்த தடத்தில் ஓடும் பந்தய டயரில் வரிப்பள்ளங்கள் இரா. முழுப் பரப்பும் தரையைத் தொடும். ஆயினும், மழை பெய்தால் நீர் வெளியேற வழியின்றி டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அதனால்தான் மழை தொடங்கியதும் பந்தயக் குழுவினர் வரிப்பள்ளமுள்ள டயருக்கு மாறுகின்றனர்.

இறுதிப் படி: இயந்திரம்

வண்டி உறுதிபெற்று, நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொண்ட பிறகே இயந்திரத்தின் முறை வருகிறது. இயந்திரம் ஓட்டப்பந்தய வீரரைப் போன்றது. நன்றாக மூச்சை இழுத்து, நன்றாக வெளியேற்றினால்தான் விரைந்து ஓட முடியும். ஆகவே, காற்றும் எரிபொருளும் நுழையும் வழி வழவழப்பாக்கப்படுகிறது. பெரிய கார்புரேட்டர் பொருத்தப்படுகிறது. அடைப்பிதழ்கள் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி கேம்ஷாஃப்ட் மாற்றப்படுகிறது. எரிந்த புகை தடையின்றி வெளியேற ஏற்ற புகைக்குழாய் அமைக்கப்படுகிறது. ஓசையைக் கூட்டுவது இதன் நோக்கமன்று.

ஆற்றலைக் கூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. நிமிடத்திற்கு 6,000 முறை சுழன்ற இயந்திரத்தை 7,200 முறை சுழலச் செய்தால், சுழற்சி 20 விழுக்காடே கூடுகிறது. மேலும் கீழும் பாயும் பிஸ்டனைத் தாங்கும் பாகங்களின்மீது விழும் விசையோ 44 விழுக்காடு உயர்கிறது. பழைய பாகங்கள் அதனைத் தாங்குமா எனச் சோதிக்காமல் வேகத்தைக் கூட்டுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

எண்ணெயும் கவனிக்கப்பட வேண்டும். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிடும். எண்ணெயை உறிஞ்சும் குழாய் அப்போது காற்றை உறிஞ்சினால், சில நொடிகளிலேயே இயந்திரம் பழுதாகலாம். இதனைத் தடுக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன. நம் நாட்டின் வெப்பநிலையைக் கருதி, எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியும் பெரிய நீர்க்குளிர்விப்பானும் பொருத்தப்படுகின்றன.

தடம் வேறு, சாலை வேறு

இவ்வாறு மாற்றப்பட்ட மகிழுந்து இனிச் சாலைக்கு உரியதன்று. பாதுகாப்புக் கூண்டுகூடத் தலைக்கவசம் அணியாதவருக்கு ஆபத்தாகலாம். சிறிய மோதலிலும் தலை எஃகுக் குழாயில் மோதும். வரிப்பள்ளமற்ற டயர் மழைச் சாலையில் வழுக்கும். சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலின்றி வாகனத்தின் அமைப்பை மாற்றுவதும், பொதுச்சாலையில் பந்தயம் விடுவதும் நம் நாட்டில் சட்டப்படி குற்றங்களாகும். எனவேதான் பந்தயக் குழுவினர் தம் வண்டியைப் பாரவுந்தில் ஏற்றித் தடத்திற்குக் கொண்டு செல்கின்றனர்.

சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இவ்வேறுபாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதில்லை. பந்தயத் தடத்தில் அனைவரும் ஒரே திசையில் செல்கின்றனர். வளைவின் வெளிப்புறத்தில் சரளைக்கல் பரப்பும் தடுப்புகளும் உள்ளன. கொடி காட்டும் அலுவலர்களும் மருத்துவக் குழுவும் ஆயத்த நிலையில் இருப்பர். தோட்டத்துச் சாலையிலோ பள்ளிவிட்டு மிதிவண்டியில் திரும்பும் சிறுவன் வரலாம். வேலை முடிந்து நடந்துவரும் தாய் வரலாம். திடீரென ஒரு மாடு குறுக்கிடலாம். அங்கு நிகழும் தவற்றுக்கு விலை கொடுப்பவர், பந்தயத்தில் சேராத ஒருவராகவும் இருக்கக்கூடும்.

முறையான பந்தயத்திற்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1968ஆம் ஆண்டு ஷா ஆலாம் அருகே பத்து தீகா பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் திறப்பு விழா கண்டது. போட்டியிட விரும்புவோர் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் உரிமத்தைப் பெற வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னரும் தொழில்நுட்ப அலுவலர்கள் கூண்டு, வார், தீயணைப்புக் கருவி, தலைக்கவசம் ஆகியவற்றைச் சோதிப்பர். குறை கண்டால் வண்டி தடத்தில் இறங்காது. இத்தகைய ஒழுங்குமுறைக்கு உட்பட்டே நம் நாட்டைச் சேர்ந்த கரம்ஜித் சிங், 2002ஆம் ஆண்டு புரோட்டோன் பெயர் தாங்கிய வண்டியை ஓட்டி, தயாரிப்பு மகிழுந்துகளுக்கான உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றார்.

மாற்றுவதா, காப்பதா?

பழைய மகிழுந்து எல்லாவற்றையும் பந்தயத்திற்கு மாற்றலாமா என்பது சிந்திக்க வேண்டிய வினா. 1985ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சாகா நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்து. உற்பத்திச் சாலையிலிருந்து வெளிவந்த முதல் சாகா தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவ்வண்டியைப் பந்தயத்திற்கு மாற்ற எவரும் எண்ணமாட்டார்கள். அதன் மதிப்பு வேகத்தில் இல்லை. நாட்டின் நினைவாக நிலைத்திருப்பதில் உள்ளது.

2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தகுதியைப் பெற்ற மலாக்காவில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மலாக்கா நகரின் பழைய கடைவீடுகளில் சில, முகப்பு மாறாமல் காக்கப்படுகின்றன. சில, உட்புறம் மாற்றப்பட்டுத் தங்கும் விடுதிகளாகப் புதுவாழ்வு பெறுகின்றன. எதனைக் காப்பது, எதனை மாற்றுவது என்பதை ஆராய்ந்தே முடிவு செய்கின்றனர். மகிழுந்துக்கும் இது பொருந்தும். அரிய வகை வண்டியோ, எல்லாப் பாகங்களும் மாறாமல் இருக்கும் வண்டியோ கிடைத்தால் அதனைப் பழைய நிலைக்குப் புதுப்பித்துக் காப்பதே சிறப்பு. உள்பாகங்கள் சிதைந்து, ஆயினும் உடல் உறுதியாக இருக்கும் வண்டியே பந்தயத்திற்கு ஏற்றது. அப்போதும் கழற்றிய பாகங்களைப் பெயரிட்டுப் பாதுகாத்தல் நலம். இன்னொருவர் தம் வண்டியைப் புதுப்பிக்க அவை உதவும்.

ஆர்வத்திற்கு ஏற்ற வழி

இத்துறையில் ஆர்வமுள்ள மலாக்கா மாணவர்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. டுரியான் துங்காலில் அமைந்துள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, ‘ஃபார்முலா வர்சிட்டி’ என்னும் போட்டியைத் தொடங்கியது. உயர்கல்விக்கூட மாணவர்கள் தாங்களே வடிவமைத்து உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளுடன் அதில் போட்டியிட்டனர். மெர்லிமாவ் பல்தொழில்நுட்பக் கல்லூரி இயந்திரப் பொறியியலைக் கற்பிக்கிறது. அலோர் காஜா வட்டாரத்தில் திறன் பயிற்சிக் கழகங்களும், பெகோவில் ஹோண்டா மகிழுந்துத் தொழிற்சாலையும் உள்ளன. பற்றவைத்தல், உலோகத்தைக் கடைதல், மின்கம்பி இணைத்தல், இயந்திரத்தைச் சோதித்தல் ஆகிய ஒவ்வொன்றும் மதிப்புமிக்க கைத்திறனாகும். பந்தயத்தில் ஓட்டுநர் ஒருவரே மேடை ஏறினாலும், அவருடைய வெற்றியில் இத்திறனாளர் பலரின் பங்கு அடங்கியுள்ளது.

ஒரு பழைய மகிழுந்தைப் பந்தயத்திற்கு மாற்றும் பணி பொறுமையைக் கற்பிக்கிறது. துருவை அகற்றாமல் வண்ணம் பூச முடியாது. நிறுத்த முடியாத வேகத்தைக் கூட்டக் கூடாது. ஓட்டுநரைக் காக்காத வண்டியைத் தடத்தில் இறக்க இயலாது. இவ்வரிசையை மதித்தவர்களே சோழவரத்தின் விமான ஓடுதளத்திலும் மோன்டி கார்லோவின் பனிமலையிலும் எளிய வண்டிகளைக் கொண்டு பெருமை சேர்த்தனர். தோட்டப்புறத்துக் கொட்டகையில் உறங்கும் ஒரு பழைய சாகாவைக் காணும்போது, அதன் இயந்திரம் எவ்வளவு விரைவாக ஓடும் என்று மட்டும் கேட்காமல், அதன் உடல் எவ்வளவு உறுதியாக உள்ளது, அதன் பிரேக் எவ்வளவு நம்பத்தக்கது என்று கேட்கத் தெரிந்த மாணவரே நல்ல பொறியியலாளராக உருவாகிறார்.